தகரத்தில் தொடங்கும் சொல்

பாக்கியம்: கையெழுத்துப் போட்டுவிட்டேன் தம்பி. தகரம் எங்கே?

பயிற்சியாளர்: என்ன தகரம் அம்மா?

பாக்கியம்: தகர அமைப்புப் பயிற்சி என்று நேற்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்களே!

பயிற்சியாளர்: ஐயோ, அது தகர அமைப்பு இல்லை. தகவமைப்பு. காலநிலைத் தகவமைப்பு.

பாக்கியம்: நானும் அதைத்தான் கேட்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையிலிருந்து என் அடுப்படி ஓட்டைத் தகரத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

பயிற்சியாளர்: கஜா புயல்! அன்று வேதாரண்யம் பக்கம் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது, தெரியுமா?

பாக்கியம்: அளந்து பார்க்க நேரமில்லை தம்பி. தகரத்தைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

பயிற்சியாளர்: முதலில் உச்சரிப்பைச் சரிசெய்வோம். 'ர' இல்லை, 'வ'. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துச் சொல்லுங்கள்: தகவு.

பாக்கியம்: மேல்பல் போய் மூன்று வருடம் ஆகிறது. வேறு எழுத்து இருக்கிறதா?

பயிற்சியாளர்: சரி, எழுத்தையாவது நினைவில் வையுங்கள். சொல் தகரத்தில் தொடங்குகிறது…

பாக்கியம்: (பின்னால் திரும்பி) கேட்டுக்கொள்ளுங்கள், அவரே சொல்லிவிட்டார்!

பயிற்சியாளர்: தகரம் என்றால் 'த' என்ற எழுத்து அம்மா!

பாக்கியம்: எழுத்தோ என்னவோ, கனமான கேஜாகப் பார்த்துக் கொடுங்கள்.

பயிற்சியாளர்: வேர்ச்சொல்லைச் சொன்னால் புரியும். 'தகு' என்பதிலிருந்து தகவு. தகவு என்றால் பொருத்தம், மேன்மை. திருக்குறளிலேயே 'தக்கார் தகவிலர்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் அடாப்டேஷன். அதற்கும் லத்தீனில் 'பொருத்து' என்றுதான் மூலம்.

பாக்கியம்: பொருத்துவதற்கு லத்தீனிலிருந்து ஆள் வேண்டாம். என் மருமகனே பொருத்திவிடுவார்.

பயிற்சியாளர்: 'தகுதி' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

பாக்கியம்: (தேநீர்க் குவளையைக் கீழே வைத்து) அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நிவாரணத்துக்கு மனுக் கொடுத்தபோது, 'கூரைதானே போயிற்று, சுவர் நிற்கிறதே, உனக்குத் தகுதி இல்லை' என்றார்கள். அன்று தகுதி இல்லாதவளுக்கு இன்று தகவு கற்றுத்தர வந்திருக்கிறீர்களா?

(பயிற்சியாளர் கையேட்டைப் புரட்டுகிறார். இந்தக் கேள்விக்கான பக்கத்தை அச்சடிக்க மறந்துவிட்டார்கள் போலும்.)

பயிற்சியாளர்: பொருளுக்கு வருவோம். உலகம் விடும் புகையைக் குறைப்பது தணித்தல். வந்துவிட்ட வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஏற்ப நாம் மாறிக்கொள்வது தகவமைத்தல்.

பாக்கியம்: புகை விடுவது ஒருவர், மாறிக்கொள்வது நானா? சரி, மாறியும் பார்த்துவிட்டேன். வயலில் உப்பு ஏறியது, குழியடிச்சான் நெல் விதைத்தேன். தென்னை சாய்ந்த இரவில் பனை நின்றதைப் பார்த்தேன், வரப்பெல்லாம் பனங்கொட்டை புதைத்தேன். ஐப்பசி பிறந்தால் வீட்டுக் கூரைமேல் பழைய மீன்வலையை விரித்து, நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறேன். இதற்கெல்லாம் உங்கள் கையேட்டில் என்ன பெயர்?

பயிற்சியாளர்: இதற்குத்தான் தகவமைப்பு என்று பெயர் அம்மா!

பாக்கியம்: அப்படியானால் இன்றைக்குப் பயிற்சி கொடுத்தது நான். கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.

பயிற்சியாளர்: …

பாக்கியம்: போகட்டும். பின்னால் கட்டியிருக்கிறீர்களே ஃபிளெக்ஸ், கூட்டம் முடிந்ததும் அதை என்ன செய்வீர்கள்?

பயிற்சியாளர்: சுருட்டி வேனில் போட்டுவிடுவோம்.

பாக்கியம்: அளவு என்ன?

பயிற்சியாளர்: பத்துக்கு எட்டு.

பாக்கியம்: அடுப்படிக்குப் போதும். அவிழ்க்கும்போது ஓரத்தைக் கிழித்துவிடாதீர்கள் தம்பி.