புருவத்தைத் தூக்கினால் பழைய ரோமில் "மாட்டேன்" என்று அர்த்தம்

அந்த "ரோமானியரின் ரகசியக் கண்பாஷை" வீடியோ இன்று காலையும் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டது. அன்பாகத்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் டோகா என்ற ரோமானிய மேலாடை கட்டிய ஒருவர் இரண்டு புருவத்தையும் தூக்க, கீழே "சம்மதம்" என்று போடுகிறார்களே, அது தலைகீழ்.

கி.பி. 95 வாக்கில் ரோமானியப் பேச்சுக்கலை ஆசான் குயின்டிலியன் எழுதிய பேச்சுக்கலை நூலின் 11ஆம் புத்தகத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. சம்மதத்துக்குப் புருவம் இறங்கும், மறுப்புக்கு ஏறும். சுருங்கினால் கோபம், தொங்கினால் துயரம், தளர்ந்தால் மகிழ்ச்சி. புருவம் அசையாமல் இருந்தாலும் குறை, ஓயாமல் ஆடினாலும் குறை. ஒன்று ஏறி ஒன்று நின்றால் நகைச்சுவை நாடக முகமூடி ஆகிவிடும் என்கிறார். அந்த நாடகத்தில் அப்பா வேடத்தின் முகமூடிக்கு ஒரு புருவம் தூக்கியிருக்கும், மற்றது சமமாக இருக்கும். அப்பா கொதிக்கும்போது அந்தப் பக்கத்தையும், தணியும்போது இந்தப் பக்கத்தையும் நடிகர் சபைக்குக் காட்டுவார். கி.மு. 55இல் அரசியல் எதிரி பீசோவை ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தாக்கியதும் இதே இடத்தில்தான்: ஒரு புருவம் நெற்றிக்கு, மறு புருவம் முகவாய்க்கு!

"ஒரு நிமிஷ வீடியோவுக்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஏறினால் மறுப்பு, இறங்கினால் சம்மதம் என்று சரியாகச் சொல்லவும் அதே ஒரு நிமிஷம் போதுமே. "பரதத்திலும் கண்ணசைவு இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார் ஒருவர். இல்லை ஐயா. பேச்சாளன் ஆடுபவனிடமிருந்து வெகுதூரம் விலகி நிற்கவேண்டும் என்று அதே குயின்டிலியன் சொல்கிறார்.

எனக்கு உண்மையில் வலிப்பது அந்த "ரகசிய" என்ற சொல். ஊரே படித்த பாஷை அது. விருந்தில் கணவன் பக்கத்தில் இருக்கும்போதே "புருவத்தால் பேசுவேன், கவனி" என்று காதலிக்குச் சொல்லித்தருகிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட். அவருக்கு வெகு முன்னால், கி.மு. 184இல் இறந்த பிளாட்டஸின் நாடகத்தில் ஒருவன் 20 மினா (பழைய கிரேக்கப் பண அளவு) வெள்ளிக்கு ஒரு பெண்ணை ஒரு வருஷத்துக்குப் பேசி ஒப்பந்தம் எழுதிவைக்கிறான். அதில் ஷரத்து: எந்த ஆணுக்கும் அவள் தலையாட்டக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது, சம்மதம் காட்டக் கூடாது. விளக்கு அணைந்துவிட்டால் இருட்டில் கைகாலைக்கூட அசைக்கக் கூடாது. யாருக்கும் புரியாத சைகைக்கு எவனாவது ஷரத்து எழுதுவானா?