ஆறரை அங்குல ஸ்பீக்கரும் ஓட்டைக் கதவும்

காருக்கு உயர்ரக ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன், எந்த பிராண்ட் நல்லது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது உள்பெட்டியில் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல என்பதால் நீட்டியே எழுதுகிறேன்.

நான் வாங்கியது காம்பொனன்ட் வகை. கதவுக்குத் தாழ்ந்த ஒலி தரும் ஆறரை அங்குல வூஃபர், முன்கண்ணாடித் தூணுக்குத் தனியாக உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர், இடையில் ஒலியைப் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர். கடையில் சுவர்ப் பலகை ஒன்றில் பல ஜோடிகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு ஜோடி பாடும், அடுத்ததை அழுத்தினால் அடுத்த ஜோடி. மூன்றாவது ஜோடியைக் கேட்டதும் மெய்சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே வாங்கிக் காரில் பொருத்தச் சொன்னேன். வெளியே வந்து அதே பாட்டைப் போட்டால், சோகை பிடித்த மாதிரி ஒலிக்கிறது. மிருதங்கத்தில் வலந்தலை என்கிற வலப்பக்கம் மட்டும் கேட்கிறது, தொப்பி என்கிற கனத்த இடப்பக்கத்தைக் காணவில்லை. பொருத்தியவரிடம் முறையிட்டேன். "புது ஸ்பீக்கர் இல்லையா சார், ஓட ஓட இளகிவிடும்" என்றார்.

மூன்று மாதம் ஓட்டினேன். ஸ்பீக்கர் இளகியதோ இல்லையோ, என் காது பழகிப்போய் விட்டுக்கொடுத்துவிட்டது. கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு முதல் சில நாட்களில் சற்றுத் தளரும் என்பது உண்மைதான். காணாமல் போன பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்து கதவுகளின் உள்பலகையைக் கழற்றினேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளைப் பிரித்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து உருவிய ஒன்றரை வோல்ட் பேட்டரியை அவற்றின் முனையில் ஒரு நொடி தொட வைத்தேன். வலது கதவின் கூம்பு 'டப்' என்று முன்னால் துள்ளியது. இடது கதவில் அதே போலத் தொட்டேன். கூம்பு உள்வாங்கியது. ஒரு பக்கம் கம்பியை மாற்றிச் செருகியிருக்கிறார்கள்! ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்று மாதமாக நான் ஓட ஓட இளகக் காத்திருந்தது இதற்குத்தான். கம்பியை மாற்றிச் செருகியதும் தொப்பி திரும்பி வந்தது, அதில் கையை அழுத்தி இழுக்கும் கும்கி உருண்டு எழுவது வரைக்கும் கேட்டது.

அன்று கண்ணில் பட்ட இன்னொரு சங்கதியும் உண்டு. கதவின் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு மரப்பெட்டி இருக்கிறது. கூம்பின் முதுகுப்பக்கம் கிளம்பும் ஒலியை அது அடைத்து வைக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவுதான் பார்க்க வேண்டும், ஆனால் கதவு மெல்லிய தகரம், போதாக்குறைக்கு ஓட்டை. முதுகுப்பக்க ஒலி அந்த வழியாக வந்து முன்பக்க ஒலியைக் கெடுக்கிறது. ஓட்டைகளை மூடி, தகட்டின் மேல் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் தாளை ஒட்டி, ஸ்பீக்கரைச் சுற்றி நுரை வளையம் வைத்தபின் கேட்ட மாற்றம், பழைய ஸ்பீக்கரிலிருந்து புதியதற்கு வந்தபோது கேட்ட மாற்றத்தைவிடப் பெரியது. 1983 மாடல் காடிலாக் செவிலுக்காக போஸ் நிறுவனம் அந்தக் காரின் உள்ளறையை அளந்து, அதற்கென்றே ஒலியமைப்பை வடிவமைத்தது. நாம் இன்றும் பலகையில் கேட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பலகையில் எனக்கு மெய்சிலிர்த்ததன் ரகசியமும் பிறகுதான் விளங்கியது. அந்த ஜோடி மற்றவற்றைவிடச் சற்று உரக்கப் பாடியது, அவ்வளவே. ஒரு டெசிபல் கூடினால்கூட நம் காது அதை 'உரக்க' என்று சொல்லாது, 'தெளிவாக' என்று சொல்லும். ஒரே அளவு மின்சாரம் கொடுத்தால் 91 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 88 டெசிபல் உள்ளதை எளிதாக வென்றுவிடும். ஆம்ப்ளிஃபையரில் இரட்டிப்புச் சக்தி கொடுத்தால் இரண்டாவதும் அதே உயரத்துக்கு வரும், தரம் அதன் பிறகுதான் தெரியும். பெட்டியில் அச்சிடும் அந்த உணர்திறன் எண்ணிலும் ஒரு கள்ளம் உண்டு. சிலர் ஒரு வாட் கொடுத்து அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். அதில் 2.83 வோல்ட் என்றால் இரண்டு வாட். மூன்று டெசிபல் இனாமாக ஏறிவிடுகிறது.

22,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது வௌவாலுக்குப் பயன்படலாம். நடுவயதுக்காரர் காது 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவதே பெரிய காரியம். உச்சபட்ச வாட் கணக்கைப் படிக்கவே வேண்டாம், ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் ஒன்றைப் பார்த்தால் போதும்.

கண் செய்யும் துரோகம் தனிக் கதை. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்முன் வைத்தும் கேட்கச் செய்தார்கள். வீட்டு ஸ்பீக்கர்கள்தான். பார்த்துக்கொண்டே கேட்டபோது மதிப்பெண் மாறியது, கேட்டுப் பழகியவர்களும் தப்பவில்லை. ட்வீட்டரின் சவ்வு பெரிலியம் உலோகமா பட்டுத் துணியா என்று சண்டை போடுகிறவர்கள் இதைப் படித்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். (மீதிப் பாதி எனக்கும் பிடிக்கும், நிற்க வேண்டாம்.)

அடுத்து உட்காரும் இடம். ஓட்டுநரின் பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் அருகில், எதிர்க்கதவு ஸ்பீக்கர் தொலைவில். என் காரில் வித்தியாசம் 60 சென்டிமீட்டர். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்றால், ஒன்றே முக்கால் மில்லிவினாடி. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கமே பாடகரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது மூளை. பாடகர் என் முழங்காலருகே உட்கார்ந்து பாடினார். ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஎஸ்பி கருவி ஒன்றைப் பொருத்தி அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தியதும், எழுந்து டாஷ்போர்டின் நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இப்போது எல்லாம் தாறுமாறாகக் கேட்கிறதாம். அது அவர் பாடு.

இப்போதெல்லாம் யாருடைய காரிலாவது கேட்டுச் சொல்லும்படி கூப்பிட்டால், முதலில் பாட்டே போடுவதில்லை. ஆண்குரலில் செய்தி வாசிப்பதைப் போடச் சொல்கிறேன். பானைக்குள் இருந்து பேசுவது போல் இருந்தால் கதவு அதிர்கிறது, உள்பலகையில் உள்ளங்கையை வைத்தாலே தெரியும். 'ச', 'ஸ' வரும் இடங்களில் ஊசி குத்தினால் ட்வீட்டர் மட்டத்தைக் குறைக்க வேண்டும். பிறகு நன்றாகப் பழகிய ஒரு பாட்டு, மெதுவான ஒலியில் ஒருமுறை. கடைசியாக அதையே நெடுஞ்சாலையில். சக்கர இரைச்சல் விழுங்குவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலியைத்தான், நிற்கும் காரில் சரியாக இருந்த பேஸ் ஓடும் காரில் இளைத்துப்போகும். ஒரு மணி நேரம் கேட்டபின் அணைக்கத் தோன்றினால், எவ்வளவு உயர்ரகமாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

ஆக, பிராண்ட் கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்கள் முதலில் கதவின் உள்பலகையைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கிளிப்புகள் உடையும், நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.