பெர்ரி ஆய்வு சொன்னது அதுவல்ல

"பாலர் பள்ளி வீண், பெர்ரி ஆய்வே அதை நிரூபித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். சில பிள்ளைகளைப் பாலர் வகுப்புக்கு அனுப்பி, அனுப்பாத மற்றவர்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால்தான் அப்படித் தோன்றும். வகுப்புக்குப் போனவர்களுக்கு ஏறிய ஐக்யூ (நுண்ணறிவு மதிப்பெண்) எட்டு வயதுவாக்கில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய அந்த ஆய்வு, 123 பேரை 40 வயதுவரை பின்தொடர்ந்தது. வகுப்புக்குப் போனவர்களில் 77 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியையோ அதற்கு இணையான தேர்வையோ முடித்தார்கள். போகாதவர்களில் 60 சதவீதம்தான். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், வகுப்புக்குப் போனவர்களில் 36 சதவீதம், போகாதவர்களில் 55. ஐக்யூவை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெர்ரியில் வாராவாரம் ஆசிரியரே வீட்டுக்குப் போய், தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். எத்தனை பாலர் பள்ளிகளில் இது நடக்கும்?

அதனால் "எந்தப் பாலர் பள்ளியானாலும் இதே பலன்" என்பதும் தவறு. பெர்ரி சிறிய ஆய்வு, எல்லோரும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பாலர் பள்ளித் திட்டத்தை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், அதில் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புத் தேர்வுகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள்.