குப்பைக் கோழியும் ஜெராக்ஸ் கடையும்

கற்பனையை எப்படி வளர்த்துக்கொள்வது என்று உள்பெட்டியில் மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார். விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டுமா, மலைப்பக்கம் எங்காவது போய்த் தங்கி எழுத வேண்டுமா என்றெல்லாம். எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். பார்த்ததை உடனே ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இதையும் ஃபேஸ்புக்கில் உட்கார்ந்துதான் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். வாரிசுச் சான்றிதழுக்காக, இறந்துபோன மனைவியின் ஆதார் அட்டையை நாலு காப்பி எடுத்தார். காசு கொடுத்த பிறகும் நகரவில்லை.

"தம்பி, இதுல இருக்கற படத்தை மட்டும் பெருசாக்கித் தர முடியுமா? வேற போட்டோ இல்ல."

"பெருசாக்குனா மூஞ்சி கலங்கிடும் தாத்தா."

"பரவால்ல. மூக்குத்தி தெரிஞ்சா போதும்."

பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் பதிவு போட்டுவிட்டேன். எட்டு வரி. கடைசியில் 'இதுதான் காதல்' என்று வேறு எழுதித் தொலைத்தேன். லைக் குவிந்தது, அழுகிற பொம்மைகள் வரிசை கட்டின, இரண்டு நாள் போனைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் அதைக் கதையாக எழுத உட்கார்ந்தால் ஒரு பாராவைத் தாண்டவில்லை. அந்த மூக்குத்தி இப்போது யாரிடம் இருக்கிறது, மகளிடமா, அடகுக் கடையிலா? இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு போட்டோகூட எடுக்காமல் போனது எப்படி? படத்தை மாட்ட வீட்டில் ஆணி அடித்த சுவராவது இருக்கிறதா? எதுவும் எனக்குள் எழவே இல்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதிலை எழுதிக் கைதட்டும் வாங்கியாகிவிட்டதே.

அடுத்த வருஷம் கோயில் வாசலில் பூக்காரம்மா. வலது கையில் மாவுக்கட்டு. அதனால் மகள்தான் பூ அளந்தாள், பத்து வயசு இருக்கும். "இதெல்லாம் ஒரு மொழமா?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். "சின்னக் கைதான்க்கா. அதான் மொழத்துக்கு நாலு வெரக்கடை சேத்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் பூக்காரம்மா. விரல் துறுதுறுத்தது. போடவில்லை. நோட்டில் 'முழம், சின்னக் கை, நாலு விரற்கடை' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

மூன்று வருஷம் அது அப்படியே கிடந்தது. பிறகு, அப்பா செத்துப்போனதும் மளிகைக் கடையில் உட்கார்ந்த ஒரு பையனைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். தராசு பிடித்துப் பழக்கமில்லாததால் அவன் எல்லாருக்கும் ஒரு பிடி கூடவே அள்ளிப் போடுகிறான். எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. கதையில் பூவும் இல்லை, மாவுக்கட்டும் இல்லை.

இது புதுசாக நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. சங்கப் புலவர்களில் சிலருடைய சொந்தப் பெயரே நமக்குத் தெரியாது. அவர்கள் பாட்டில் வைத்த ஒரு காட்சியைத்தான் அவர்களுக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறோம். தேய்புரிப் பழங்கயிற்றினார் (நற்றிணை 284): வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சு, வந்த வேலையை முடி என்கிறது அறிவு, நடுவில் உடம்பு, இரண்டு யானைகள் பிடித்து இழுக்கும் நைந்த கயிறு. அணிலாடு முன்றிலார் (குறுந்தொகை 41): அவன் பிரிந்துபோனால் நான், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவது போல என்கிறாள் ஒருத்தி. எனக்கு மிகவும் பிடித்தவர் குப்பைக் கோழியார் (குறுந்தொகை 305). குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன. ஏவிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. காமநோய் அப்படித்தான் என்கிறார். அந்தக் கோழிச் சண்டையை ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! பார்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமான ஒரு மனசு கிடைக்கும்வரை வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

அசோகமித்திரன் இளமையில் செகந்திராபாத்தில் பார்த்த 1948-ஐ, அதாவது நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தை, '18வது அட்சக்கோடு' நாவலாக வெளியிட்டது 1977-இல். முப்பது வருஷம் ஆகப்போகும் நேரத்தில். நாம் முப்பது நிமிஷம் தாங்குவதில்லை.

நேரமில்லை என்பவர்களிடம் எனக்குப் பெரிய இரக்கம் கிடையாது. வண்ணதாசன் ஸ்டேட் பாங்க் வேலையில் இருந்துகொண்டே எழுதியவர். சீட்டில் உட்கார்ந்தால் எதிரே நாள் முழுக்க மனுஷர்கள்தானே? பார்க்க நேரம் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. ரேஷன் கடை வரிசையில் போனைப் பைக்குள் போட்டால் போதும். நோட்டும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். என்னுடையது பால் கணக்கு எழுத வாங்கிய நாப்பது பக்க நோட்டு. ஒன்றைப் பார்த்தால் மூன்று நாலு வார்த்தைக்கு மேல் எழுதுவதில்லை. முழுசாக எழுதினால் அங்கேயே முடிந்துபோகிறது. மறந்துபோனால்? போகட்டும். மறந்துபோனது எனக்கானதில்லை என்று விட்டுவிடுகிறேன்.

அந்த ஜெராக்ஸ் கடைக்கு இப்போதும் போகிறேன். பையனுக்கு மீசை வந்துவிட்டது. பெரியவரைப் பற்றிக் கேட்டேன், அவனுக்கு ஞாபகமில்லை.

நேற்று நோட்டில் 'ரேஷன் கடை, பாமாயில், பச்சைக் கம்மல்' என்று எழுதியிருக்கிறேன். கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.