விளக்கு கண்ணில் விழக் கூடாது

போன வாரம் அம்மா வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார். பெரிய காயம் இல்லை. பிளாஸ்திரி போட்டுவிட்டு அவர் நின்ற இடத்தில் நானும் போய் நின்றேன். டியூப்லைட் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில். மேடையைப் பார்த்து நின்றால் நம் தலையின் நிழல் சரியாக வெட்டுப்பலகையின் மேலேயே விழுகிறது. 2009-இல் கட்டிய வீடு. இத்தனை வருடமும் அம்மா தன் நிழலுக்குள்ளேயே நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீட்டுக்கு லைட் பாயின்ட் குறித்துக் கொடுத்தவன் நான். கட்டடங்களுக்கு விளக்கு அமைத்துத் தருவதுதான் என் தொழில். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே மேல் கப்போர்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, மூன்றடி நீளத்துக்கு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். அலுமினியச் சேனலுக்குள் வைத்து, மேலே பால் நிற மூடி. அம்மா பார்த்துவிட்டு, "லைட்டே தெரியல, ஆனா மேடை மட்டும் பளிச்சுனு இருக்கு" என்றார். நான் இத்தனை வருடமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

வீடு கட்டுகிற எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஹாலுக்கு எத்தனை வாட் போடலாம்?" வாட் என்பது விளக்கு குடிக்கும் கரண்ட். அது தரும் ஒளிக்கு லூமென் என்று கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த 800 லூமெனை இன்றைக்கு 9 வாட் எல்இடி கொடுத்துவிடும். ஆனால் அந்த 800 லூமென் எங்கே போய் விழுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு பல்புக்கும் நமக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் ஒளி கால் பங்காகிவிடும். அதனால்தான் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் எரியும் பெரிய விளக்கைவிட, கைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் வயது. அறுபதைத் தாண்டியவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அம்மாவுக்குப் போதாது.

இப்போது எல்லா வீட்டிலும் ஃபால்ஸ் சீலிங். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி இரண்டடிக்கு ஒரு டவுன்லைட். கோலத்திலாவது புள்ளியைச் சுற்றிக் கோடு வரும். இங்கே புள்ளி மட்டும்தான். சோபாவில் சாய்ந்தால் கண்ணில் குத்துகிறது. ஃபேன் இறக்கைக்கு மேலே ஒன்று மாட்டிக்கொண்டால் முடிந்தது கதை, அறை முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும். குழந்தை படிக்கும் மேசைக்கு நேர் மேலே இப்படித் துடிக்கும் விளக்கை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். மேசைக்கு ஒரு விளக்கு, சுவரைத் தடவி இறங்கும்படி ஒரு விளக்கு, மூலையில் தாழ்வாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். பெரும்பாலான ஹாலுக்கு இது போதும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒளியின் நிறத்துக்குக் கெல்வின் என்று கணக்கு. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. "வெள்ளையா இருந்தாத்தான் வெளிச்சம்" என்று நம் ஊரில் 6500 கெல்வினைத்தான் கேட்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. லோ வோல்டேஜில் அழுது வடிந்த மஞ்சள் பல்பின் கீழ் வளர்ந்த தலைமுறை நாம். ஆனால் மஞ்சளாக இருந்ததும் மங்கலாக இருந்ததும் வேறு வேறு குறைகள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700-லிருந்து 3000, சமையலறைக்கும் படிப்பறைக்கும் 4000 என்று வைத்துப் பாருங்கள், வீட்டிலிருப்பவர்களின் முகமே மாறித் தெரியும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கான கணக்கு அது, முழு மதிப்பு 100. ஜவுளிக்கடையில் அரக்கு நிறப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போய்ப் பார்க்கிறார்களே, நம் பெண்களுக்கு அந்த எண் சொல்வது எப்போதோ தெரியும். 90-க்கு மேல் இருந்தால் வாசலுக்குப் போகும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

பழைய கருங்கல் கோயில்களைக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் கை வந்திருந்தது. வெயில் கொளுத்தும் பிராகாரம், அடுத்து பாதி இருட்டான மண்டபம், அதற்கும் உள்ளே ஜன்னலே இல்லாத கருவறை. நடந்து போகும் தூரத்திலேயே கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். உள்ளே ஒரு எண்ணெய் விளக்கு போதும். கற்பூரத் தட்டு பாதத்திலிருந்து முகத்துக்கு ஏறும்போது நமக்குச் சிலிர்ப்பதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். இன்றைக்குப் பல கோயில்களில் அர்த்தமண்டபத்திலேயே ஒரு வெள்ளை ஃபோகஸ் லைட். அதைப் பார்த்ததும் கண்மணி சுருங்கிவிடுகிறது, பின்னால் சாமி இருக்கும் இடம் வெறும் கறுப்பு. நல்லெண்ணத்தில் செய்த உபயம்தான், எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் மனம் வலிக்கிறது. கோபுரத்துக்கு நிறம் மாறும் விளக்கு போடுவதும் அப்படித்தான். பச்சை வண்ணம் பூசிய சுதைச் சிற்பத்தின் மேல் சிவப்பு ஒளி விழுந்தால் அது கறுப்பாகத்தான் தெரியும். நேர் எதிரிலிருந்து ஃப்ளட் லைட் அடித்தாலோ சிற்பமெல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து, சுவரை ஒட்டி, வெதுவெதுப்பான ஒரே நிறத்தில் ஒளி விழட்டும். ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும்.

வீட்டு வெளிப்புறத்துக்கு வந்தால், காம்பவுண்டில் தெருவைப் பார்த்து ஃப்ளட் லைட் வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியவே தெரியாது. கீழ்நோக்கித் திருப்பி, மேலே ஒரு மூடி போட்டாலே படியும் தெரியும், கேட்டும் தெரியும், எதிர்வீட்டுக்காரரும் தூங்குவார்.

கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம் நடக்கும். லட்சக்கணக்கான வருடங்களாக அது கடல்பக்கம்தான். இப்போது நம் மொட்டைமாடி விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் ரோட்டுக்கு ஏறிவிடுகிறது. 1988-இலிருந்து மாணவர்கள் ஒரு அமைப்பாகச் சேர்ந்து, இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது அந்தச் சில மாதங்களுக்குக் கடல் பக்கத்து விளக்கை அணைப்பது மட்டும்தான்.

இப்போது சென்டரிங் அடித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்துவிடுங்கள். கட்டில் எங்கே, மேசை எங்கே, அடுப்புக்கு முன்னால் நிற்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார் என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டுங்கள். பைப் போட்டு மூடிய பிறகு ஒரு பாயின்ட்டை மாற்ற சுவரைத்தான் வெட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டு வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம். சமையலறைப் பக்கத்தை முதலில் அனுப்புங்கள்.