முதலில் ஓ-ரிங்கைப் பாருங்கள், ஆயிலை அப்புறம் மாற்றலாம்
பிரித்துக் கட்டிய ரோட்டரி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) ஆயில் பிரஷர் குறைந்தால் கெட்டி ஆயிலுக்கு மாறச் சொல்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு உடன்பாடு இல்லை. மஸ்டா 13பி போன்ற எஞ்சினில் ஆயில் பேரிங்குக்கு மட்டும் போவதில்லை. ரோட்டரின் சூட்டை உள்ளிருந்து இறக்குவதும் அதுதான். முன் கவருக்குப் பின்னால் உள்ள சின்ன ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அறுந்தால் பிரஷர் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. முதலில் அதைத்தானே பார்க்க வேண்டும்?

சேலத்தில் நான் ரோட்டரியைப் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. ஆனால் என் பழைய டீசல் ஜீப்பில் பட்டிருக்கிறேன். எஞ்சின் கட்டி வந்த மாதமே ஏற்காடு ஏறினேன். அடிவாரத்தில் 45 பிஎஸ்ஐ காட்டிய ஆயில் பிரஷர் மீட்டர் முள், 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் எவ்வளவு ரேஸ் கொடுத்தும் 15-ஐத் தாண்டவில்லை. “மே மாச வெயிலுங்க, 20டபிள்யூ-50 ஊத்துங்க” என்றார் மெக்கானிக். அந்தக் கெட்டி ஆயிலை ஊற்றினேன். காலையில் முள் முன்பைவிடச் சோம்பலாக ஏறியது. கடைசியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், பம்ப்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலை முழுக்க சேமியா மாதிரி சிலிகான் பேஸ்ட் இழைகள்! பேக்கிங் வைக்கிற இடத்தில் பேஸ்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கட்டிய எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாமல், எரிபொருளை நிறுத்தி, இடைவெளி விட்டு செல்ஃப் அடித்து முள் எழுகிறதா என்று பார்ப்பதை எழுத மறந்துவிட்டீர்களே. டேஷ்போர்டு மீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினில் கை வையுங்கள்.