சிஸி அரியணை ஏறவில்லை
“சீனாவை ஆண்ட ஒரே பெண் பேரரசர் சிஸி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1861 முதல் 1908 வரை பெரும்பாலும் அதிகாரம் சிங் வம்சத்து ராணியான சிஸி கையில்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பேரரசர் பட்டம் முதலில் மகன் தோங்ஜிக்கு, அப்புறம் தங்கை மகன் குவாங்சுவுக்கு. பெய்ஜிங் அரண்மனையில் சிறுவன் அரியணையில் உட்கார்ந்திருக்க, அவனுக்குப் பின்னால் மஞ்சள் திரையின் மறைவில் இருந்துதான் சிஸி அமைச்சர்களிடம் பேசுவார். (தொடக்கத்தில் அந்தத் திரைக்குப் பின்னால் சியான் என்ற இன்னொரு ராணியும் இருந்தார், அவரை யாரும் நினைப்பதே இல்லை.)

தன் பெயரிலேயே பேரரசராக ஆண்ட பெண் வூ ஸேதியன். 690இல் தாங் வம்சத்தை ஓரங்கட்டிவிட்டு ‘சோ’ என்று புது வம்சமே அறிவித்தார். 705இல், எண்பது வயதை ஒட்டி, நோயில் கிடந்தபோதுதான் அவரைக் கட்டாயப்படுத்தி இறக்கினார்கள்.